பச்சிளங் குழந்தையின் முதல் ஆடை

தில்லியில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் குளிர்காலத்துப் பிள்ளைப்பேறு என்றால் அதற்கென ஒரு தனி ஆயத்தம் உண்டு. ஊரிலிருந்து தாயோ மாமியாரோ ரயிலேறி வந்து சேருவார். அவருடைய பையில் பிரசவ மருந்தும் நல்லெண்ணெயும் வசம்பும் இருக்கும். அவற்றோடு பழைய மல் வேட்டியைக் கிழித்து மடித்த துண்டுகள் ஒரு மூட்டையாக இருக்கும். இங்கே மகனும் மருமகளும் கரோல்பாக் கடைவீதியில் அலைந்து, உள்ளங்கை அகலச் சட்டைகளையும் தொப்பிகளையும் காலுறைகளையும் முன்னதாகவே வாங்கி அடுக்கி வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றிலும் 'ஆர்கானிக்' என்ற சொல் பொறித்த சீட்டு ஒன்று தொங்கும்.

"அம்மா, இது இயற்கை முறையில் விளைந்த பருத்தி. இரசாயனம் எதுவும் கிடையாது. விலை கூடத்தான், ஆனாலும் பிள்ளைக்கு அல்லவா?" என்பார் மகன். "விலை என்னவாகவும் இருக்கட்டும், தம்பி. நனைத்து உலர்த்தாத புதுத் துணியைப் பச்சைப் பிள்ளைக்கு யாராவது போடுவார்களா?" என்பார் தாய். மருமகள் இருவருக்கும் நடுவே நின்று, எந்த அடுக்கை மருத்துவமனைக்கு எடுத்துச் செல்வது என்று தெரியாமல் திகைப்பாள்.

இந்தச் சிறு வழக்கில் நியாயம் யார் பக்கம்? இதைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன். பார்வைக்கு இது எளிய வீட்டுச் செய்தி. ஆனால் ஆடை ஒன்றினால் குழந்தையின் உயிருக்கே ஊறு நேரக்கூடிய இடமும் இதில் உண்டு. அந்த இடத்தை மகனும் கவனிப்பதில்லை, தாயும் கவனிப்பதில்லை. அதை முறையாக வந்து காண்போம்.

முதலில் ஆடை தீண்டப்போகும் மேனியைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வது நலம். பிறந்த குழந்தையின் தோல் நம் தோலைவிட மெல்லியது. வெளிப்பொருள்களைத் தடுத்து நிறுத்தும் அதன் மேலடுக்கு முதலாண்டு முழுவதும் சிறிது சிறிதாகவே வலுப்பெறுகிறது. மேலும், உடலின் எடையோடு ஒப்பிட்டால் குழந்தையின் தோற்பரப்பு நம்முடையதைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆகும். ஆகவே தோலின்மேல் படுகின்ற பொருளில் ஒரு பங்கு உள்ளே சென்றாலும், அது அச்சிறு உடலுக்குப் பெரும் பங்காகி விடுகிறது. அதே காரணத்தால் உடலின் வெப்பமும் விரைவில் வெளியேறுகிறது. பிறந்த குழந்தையின் ஆடைக்கு இவ்வாறு இரண்டு கடமைகள் உண்டு. வேண்டாத பொருளைத் தோலில் சேர்க்காதிருப்பது ஒன்று. வேண்டிய வெப்பத்தைக் காப்பது மற்றொன்று.

இனி, சீட்டில் பொறித்திருக்கும் அந்தச் சொல்லை எடுத்துக்கொள்வோம். 'ஆர்கானிக்' என்னும் சொல் அடிப்படையில் வயலைப் பற்றிய சொல். செயற்கை உரமும் பூச்சிக்கொல்லியும் இடாமல், மரபணு மாற்றிய விதையை விதைக்காமல் விளைந்த பருத்தி என்பதே அதன் பொருள். நம் நாட்டில் இதற்கான விதிகள் மத்திய வர்த்தக அமைச்சகத்தின் தேசிய இயற்கை உற்பத்தித் திட்டத்தில் வகுக்கப்பட்டுள்ளன. 2001ஆம் ஆண்டு முதல் அவை நடைமுறையில் இருந்து வருகின்றன. இரசாயனம் இட்டுப் பழகிய நிலத்தை இன்று கைவிட்டு நாளையே இயற்கை வயல் என்று சொல்லிவிட முடியாது. பருத்தி போன்ற ஓராண்டுப் பயிருக்குக் குறைந்தது 2 ஆண்டுகள் நிலம் மாறுதல் பெற வேண்டும். உலகில் இத்தகைய பருத்தியை மிகுதியாக விளைவிக்கும் நாடுகளில் இந்தியா முன்வரிசையில் நிற்கிறது. மத்தியப் பிரதேசம் அதில் பெரும் பங்கு அளிக்கிறது.

வயலில் இந்தக் கட்டுப்பாடு எதற்காக என்பதற்கு ஒரு துயரமான சான்று உண்டு. 2017ஆம் ஆண்டில் மகாராஷ்டிர மாநிலத்து யவத்மால் மாவட்டத்தில், பருத்திச் செடிகளுக்குப் பூச்சிமருந்து தெளித்த உழவர்களும் கூலியாட்களுமாக இருபதுக்கு மேற்பட்டோர் அந்த நஞ்சினால் மாண்டனர். கண்பார்வை பாதிக்கப்பட்டவர்களும் மருத்துவமனையில் கிடந்தவர்களும் இன்னும் பலர். ஆளுயரத்துக்கு வளர்ந்த செடிகளின் நடுவே, முகமூடியும் கையுறையும் இல்லாமல் அவர்கள் மருந்து தெளித்தார்கள். இயற்கைமுறைப் பருத்திக்கு நாம் கூடுதலாகக் கொடுக்கும் விலையின் முதற்பயன் இங்கே இருக்கிறது. அந்தப் பயனைப் பெறுவது உழவனின் வீடும் அவனுடைய நிலமும் கிணறும் ஆகும். நம் வீட்டுத் தொட்டிலுக்கு வாங்கும் துணியால் இன்னொரு வீட்டுத் தொட்டிலுக்குத் தீங்கு வாராதிருக்க வேண்டும் என்று எண்ணுவது அறமான எண்ணம்.

எனினும் ஓர் உண்மையை மறைக்கலாகாது. வயலில் தெளித்த பூச்சிமருந்து, நூலும் துணியும் ஆகும்வரை அப்படியே ஒட்டிக்கொண்டு வந்து குழந்தையின் மேனியில் சேர்வதில்லை. பஞ்சு நூலாகி, துணியாகி, காரநீரில் கொதித்து, வெளுத்து வரும்போது அதில் பெரும்பகுதி நீங்கிவிடுகிறது. குழந்தையின் தோலைத் தொடுபவை பெரும்பாலும் அதற்குப் பின்னால் துணியில் ஏற்றப்படும் பொருள்களே. வெளுப்பதற்கு ஒன்று, சாயத்துக்கு ஒன்று, சுருக்கம் விழாமல் இருக்க ஒன்று, கடையில் மொடமொடப்பாகத் தோன்ற ஒன்று என அவை பல. சுருக்கம் விழாதிருக்கப் பூசும் பிசின்களிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்னும் கூரிய வாயு கசியக்கூடும். தோலில் தடிப்பும் அரிப்பும் உண்டாக்கக்கூடியது அது. ஜப்பான் நாடு 1973ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றி, இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் துணியில் அந்தப் பொருளுக்கு மிகக் கடுமையான வரம்பு விதித்தது. நம் நாட்டிலும் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடிய 112 சாயங்கள் 1990களில் தடைசெய்யப்பட்டன.

சாயத்தைப் பற்றிப் பேசும்போது தமிழ்நாட்டவரான நாம் நொய்யல் ஆற்றை மறக்க முடியாது. இந்தியக் குழந்தைகள் அணியும் பின்னலாடைகளில் பெரும்பகுதி திருப்பூரில் தைக்கப்படுகிறது. அங்குள்ள சாயப்பட்டறைகளின் கழிவுநீர் நொய்யலில் கலந்து, பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையை நிரப்பிக் கழனிகளைப் பாழாக்கியது. முடிவில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் கழிவை முற்றிலும் நீக்க வழி செய்யாத சாயப்பட்டறைகளை மூடும்படி ஆணையிட்டது. எனவே துணியின் தூய்மை வயலோடு முடிந்துவிடுவதில்லை. பட்டறையிலும் அது தொடர வேண்டும்.

வயலையும் பட்டறையையும் சேர்த்துப் பார்க்கும் அளவுகோல் ஒன்று இருக்கிறது. உலக இயற்கைமுறைத் துணித் தரம் என்று அதைச் சொல்லலாம். 'காட்ஸ்' என்பது அதன் சுருக்கப் பெயர். இந்த முத்திரையில் இரண்டு படிகள் உண்டு. 'ஆர்கானிக்' என்று மட்டும் குறித்திருந்தால் இழையில் 95 விழுக்காட்டுக்குக் குறையாமல் இயற்கைமுறையில் விளைந்ததாக இருக்க வேண்டும். 'ஆர்கானிக் இழை கொண்டு செய்தது' என்று இருந்தால் 70 விழுக்காடு போதும். இழையோடு நில்லாமல், எந்தச் சாயம் ஏற்றலாம், எந்த வெளுப்புப் பொருள் கூடாது, பட்டறைக் கழிவுநீரை என்ன செய்ய வேண்டும் என்பனவற்றுக்கும் இந்தத் தரத்தில் விதிகள் உண்டு. ஆதலால் சட்டையில் 'ஆர்கானிக் பருத்தி' என்ற சொல் மட்டும் இருக்கிறதா, அல்லது இத்தகைய முத்திரையும் அதன் அடியில் சான்றளித்த நிறுவனத்தின் பெயரும் உரிம எண்ணும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். எண் இருந்தால் அதைப் பொதுப் பதிவேட்டில் தேடிச் சரிபார்க்க முடியும். எண் இல்லாவிட்டால் அது கடைக்காரரின் சொல் மட்டுமே.

முத்திரையையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடலாகாது. 2020ஆம் ஆண்டில் இந்தியாவிலிருந்து சென்ற பருத்தியில் ஏறத்தாழ 20,000 டன் அளவுக்குப் பொய்ச் சான்றிதழ்கள் புகுந்திருந்ததை அந்தத் தரநிறுவனமே கண்டுபிடித்து உலகுக்கு அறிவித்தது. களவைக் கண்டுபிடித்தது அந்த முறையின் வலிமை. களவு நடந்தது அதன் பலவீனம். ஆகையால் முத்திரையை ஒரு நல்ல சாட்சியாக ஏற்றுக்கொள்ளலாம். அதையே தீர்ப்பாகக் கொள்ளலாகாது.

இதே இடத்தில் வேறு இரண்டு பெயர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 'மூங்கில் துணி' என்று மிக மென்மையான ஒரு துணி குழந்தை ஆடைகளில் இப்போது பெருவழக்காக வருகிறது. மூங்கில் என்றவுடன் இயற்கைப் பொருள் என்று எண்ணிவிடுகிறோம். உண்மையில் மூங்கிற் கூழைக் கடும் இரசாயனங்களில் கரைத்து இழையாக்கும் விஸ்கோஸ் வகைதான் அது பெரும்பாலும். 2009ஆம் ஆண்டில் அமெரிக்க வணிக ஆணையம் இவ்வாறு பெயர் மாற்றி விற்ற சில நிறுவனங்கள்மீது நடவடிக்கை எடுத்தது. மற்றொன்று நம் கதர். தில்லியில் கன்னாட் பிளேஸில் இருக்கும் கதர்ப் பவனத்துக்குப் போய்க் குழந்தைக்குத் துணி வாங்குவோர் பலர். கையால் நூற்றுக் கையால் நெய்த கதர், காற்றோட்டமும் ஈரம் உறிஞ்சும் தன்மையும் உடையது. பலமுறை துவைத்த மெல்லிய கதருக்கு நிகர் இல்லை. ஆனால் கதர் முத்திரை கைநூற்பையும் கைநெசவையும் உறுதி செய்கிறது. பருத்தி எந்த முறையில் விளைந்தது என்பதை அது சொல்வதில்லை. இரண்டும் வெவ்வேறு நற்குணங்கள். ஒன்றை மற்றொன்றாகக் கருத வேண்டாம்.

இப்பொழுது ஊரிலிருந்து வந்த தாயின் கட்சியைக் கேட்போம். புதுத் துணியைப் பிள்ளைக்கு உடனே உடுத்தலாகாது என்பது நம் வீடுகளில் நெடுநாளைய வழக்கம். புண்ணியாகவாசனமோ பெயர் சூட்டும் நாளோ வரும் வரையில் பழைய துணிதான். வட இந்தியக் குடும்பங்கள் பலவற்றிலும் ஆறாம் நாள் சடங்கு வரையில், நலமாக வளர்ந்த வேறொரு குழந்தையின் பழைய சட்டையை அணிவிக்கும் பழக்கம் உண்டு. காவிரிக்கரையிலும் யமுனைக்கரையிலும் இருந்த பாட்டிமார்கள் ஒருவரை ஒருவர் அறியாமலே ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள். கண்ணேறு படும் என்று அவர்கள் காரணம் சொல்லியிருக்கலாம். நாம் வேறு காரணம் சொல்லலாம். நூறு முறை துவைத்த வேட்டியில் கஞ்சி இல்லை, பிசின் இல்லை, கழன்று வரக்கூடிய சாயம் எல்லாம் முன்பே கழன்று போயிற்று. இழைகள் தேய்ந்து மென்மை அடைந்துவிட்டன. எந்தப் பட்டறையும் இதைவிட நன்றாக ஒரு துணியைப் பதப்படுத்த முடியாது.

'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்பது நம் பழமொழி. அதில் கந்தை என்பதைவிடக் கசக்குதல் என்பதே முதன்மையான சொல். ஆகவே இயற்கைமுறைப் பருத்தியானாலும் சரி, சாதாரணப் பருத்தியானாலும் சரி, புதுத் துணியை இரண்டு மூன்று முறை அலசித் துவைத்து உலர்த்திய பிறகே குழந்தைக்கு உடுத்த வேண்டும். நீரில் கரையக்கூடிய ஃபார்மால்டிஹைடும் கஞ்சியும் மிகுதிச் சாயமும் இந்த முதல் துவையல்களிலேயே பெரிதும் நீங்கும். விலை உயர்ந்த துணி வாங்க வசதியில்லாத வீடுகளுக்கும் இந்த வழி திறந்தே இருக்கிறது.

தில்லியில் துவைப்பதற்கு ஒரு நுட்பம் உண்டு. நகரின் பல பகுதிகளில் ஆழ்குழாய்க் கிணற்று நீரைத்தான் பயன்படுத்துகிறார்கள். அது கடின நீர். அதில் சவர்க்காரம் போட்டால் நுரைக்காமல் வெண்மையாகத் திரிந்து துணியிலேயே படிந்துவிடும். உலர்ந்தபின் துணி விறைப்பாக இருப்பது அதனால்தான். அந்தப் படிவம் குழந்தையின் கழுத்து மடிப்பிலும் தொடை மடிப்பிலும் உராய்ந்து சிவக்கச் செய்யும். மிதமான சவர்க்காரத்தைக் குறைவாக இட்டு, மேலும் ஒரு முறை அலசுவதே இதற்கு மருந்து. இங்கே ரீட்டா என்று வழங்கும் பூந்திக்கொட்டை கடின நீரிலும் திரிவதில்லை. ஊறவைத்துப் பிழிந்த அதன் நீரில் குழந்தைத் துணிகளைத் துவைக்கலாம். மணம் ஊட்டும் திரவங்களும் மென்மையூட்டிகளும் வேண்டியதில்லை. மணம் என்பதும் துணியில் தங்கிய ஒரு பொருள்தானே!

அடுத்தது வெப்பத்தைக் காக்கும் கடமை. தில்லியில் ஜனவரி இரவுகளில் வெப்பநிலை 4 டிகிரி வரையில் இறங்குவதுண்டு. மே, ஜூன் பகல்களில் 44 டிகிரியைக் கடப்பதும் உண்டு. சென்னையிலோ மதுரையிலோ பிள்ளை வளர்த்த அனுபவம் இங்கே அப்படியே உதவாது. பிறந்த குழந்தையின் உடல்வெப்பம் 36.5 டிகிரியிலிருந்து 37.5 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பெரியவர்கள் அந்த அறையில் எத்தனை அடுக்கு உடுத்தியிருக்கிறார்களோ, அதைவிட ஓரடுக்கு அல்லது ஈரடுக்கு கூடுதலாகவும், தலைக்கு ஒரு தொப்பியும் என்பது உலக சுகாதார நிறுவனம் கூறும் அளவு. பிறந்தவுடன் குளிப்பாட்டாமல் ஒருநாள் பொறுப்பது நல்லது என்றும் அது சொல்கிறது. ஒரு கனத்த கம்பளத்தைவிட மெல்லிய பருத்தி அடுக்குகள் இரண்டு மூன்று மேல். அடுக்குகளுக்கிடையே தங்கும் காற்று வெப்பத்தைக் காக்கும். வெயில் ஏறினால் ஒன்றைக் கழற்றவும் முடியும். கம்பளிச் சட்டை எப்போதும் பருத்திக்கு மேலேதான் வர வேண்டும்; தோலை நேரே தொட்டால் உறுத்தும்.

குழந்தையின் வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தால் ஆடை போதும். பாதம் மட்டும் குளிர்ந்தால் இன்னும் ஓரடுக்கு வேண்டும். வயிறும் குளிர்ந்திருந்தால் அது அபாயக் குறி. உடனே தாயின் மார்போடு அணைத்து மருத்துவ உதவி நாட வேண்டும். கழுத்து வியர்த்திருந்தால் ஆடை மிகுந்துவிட்டது. கோடையில் ஒரே ஒரு மெல்லிய மல் சட்டை போதும். கட்டாயம் பொதிந்து வைக்க வேண்டும் என்ற எண்ணத்தால் வேர்க்குருவும் நீர்வற்றலும் வருகின்றன. துணியில் சுற்றும்போதும் கால்களை நேராக நீட்டி இறுகக் கட்டலாகாது. இடுப்பு மூட்டு விலகக்கூடும். உறங்கும் குழந்தையின் முகத்தருகே தளர்ந்த போர்வை கிடக்கக் கூடாது.

எடை குறைந்து பிறந்த குழந்தைகளுக்கு இவை எல்லாவற்றையும்விடச் சிறந்த ஆடை ஒன்று உண்டு. அது தாயின் வெற்று மேனி. குழந்தையைத் தாயின் மார்பில் தோலோடு தோலாக வைத்து, மேலே ஒரு துணியால் கட்டிவிடும் கங்காரு முறை 1970களின் இறுதியில் தென்னமெரிக்காவில் பொகோட்டா நகரில் தொடங்கியது. குழந்தையின் நிலை சீரடையும் வரையில் காத்திராமல், பிறந்தவுடனேயே இம்முறையைத் தொடங்கினால் என்ன என்று உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் ஆராய்ந்தது. இந்தியாவில் அந்த ஆய்வு நடந்த இடம் நம் தில்லியின் சப்தர்ஜங் மருத்துவமனை. 2021ஆம் ஆண்டில் வெளிவந்த முடிவின்படி, முதல் 28 நாட்களில் இறந்த குழந்தைகள் வழக்கமான கவனிப்பில் 15.7 விழுக்காடு, உடனடிக் கங்காரு முறையில் 12 விழுக்காடு. எந்தக் கடையிலும் விலைக்கு வாராத அந்த ஆடையே இத்தனை உயிர்களைக் காத்தது.

இனி, தொடக்கத்தில் சொன்ன அபாயத்துக்கு வருகிறேன். அந்தத் தமிழ்க் குடும்பத்துக்கே மீண்டும் செல்வோம். புதுச் சட்டைகளும் பழைய வேட்டித் துண்டுகளும் கூடத்தில் இருக்கின்றன. குளிர் இறங்குகிறது. கம்பளிப் போர்வையும் சால்வையும் வேண்டும். தில்லி வீடுகளில் அவை மார்ச்சு மாதத்தில் இரும்புப் பெட்டிக்குள் போய் நவம்பரில்தான் வெளியே வரும். பெட்டியைத் திறந்தவுடன் ஒரு நெடி எழுகிறது. கம்பளியைப் பூச்சி அரிக்காமல் இருக்க இட்ட அந்துருண்டைகளின் நெடி. சிலர் அதைப் பாச்சை உருண்டை என்பர். அந்த நெடியோடேயே போர்வையை எடுத்துக் குழந்தையின்மேல் போர்த்துகிறோம். ஊரிலிருந்து வந்த வேட்டித் துண்டுகளுங்கூட அத்தகைய பெட்டியிலிருந்தே எடுக்கப்பட்டிருக்கலாம். யாருக்கும் இது தவறாகத் தோன்றுவதில்லை. நமக்கு அது தூய்மையின் மணமாகவே பழகிப்போயிற்று.

அந்துருண்டைகள் பலவும் நாப்தலீன் என்னும் பொருளால் ஆனவை. சில குழந்தைகள் பிறக்கும்போதே 'ஜி-6-பி-டி' என்னும் நொதி குறைவாகப் பிறக்கிறார்கள். இது பரம்பரையாக வருவது. ஆண் குழந்தைகளிடம் மிகுதி. இந்தியாவில் சமூகத்துக்குச் சமூகம் அளவு வேறுபட்டுக் காணப்படுவது. பார்வைக்கு அக்குழந்தைகளிடம் ஒரு குறையும் தெரியாது. ஆனால் நாப்தலீன் மூச்சின் வழியாகவோ தோலின் வழியாகவோ உள்ளே சென்றால், அவர்களுடைய சிவப்பணுக்கள் உடைந்து போகின்றன. இரத்தம் குன்றுகிறது, மஞ்சட்காமாலை மளமளவென்று ஏறுகிறது. ஏறிய மஞ்சள் நிறப்பொருள் மூளையைத் தாக்கினால் குழந்தை இறக்கலாம். பிழைத்தாலும் செவித்திறன் இழக்கலாம், கைகால் இயக்கம் குன்றலாம். இது புதிதாகக் கண்டறிந்த செய்தியும் அன்று. நாப்தலீனோடு வைத்திருந்த துணிகளால் பச்சிளங் குழந்தைகளுக்கு நேர்ந்த இத்தகைய தீங்கை 1963ஆம் ஆண்டிலேயே கிரேக்க நாட்டு மருத்துவர்கள் பலரிடம் கண்டு விரிவாக எழுதினார்கள். மேலும் ஒன்று: எண்ணெய் பூசிய தோல் நாப்தலீனை எளிதில் உள்வாங்கக்கூடும். நம் வழக்கமோ குழந்தைக்கு நன்றாக எண்ணெய் தேய்த்து, கம்பளியில் பொதிந்து கிடத்துவது!

செய்ய வேண்டியது எளிது. குழந்தை பிறக்கவிருக்கும் வீட்டில் அந்துருண்டையே வேண்டாம். முன்பே இட்டிருந்தால், குழந்தைக்கும் குழந்தையைத் தூக்குவோருக்கும் உரிய துணிகளைப் பேறு காலத்துக்கு ஒரு மாதம் முன்னதாகவே வெளியே எடுத்துவிட வேண்டும். நாப்தலீன் நீரில் எளிதில் கரைவதில்லை. காற்றில்தான் ஆவியாகிப் போகும். ஆகவே துவைப்பது மட்டும் போதாது. பல நாட்கள் வெயிலிலும் காற்றிலும் விரித்துப் போட்டு, துவைத்து, மீண்டும் உலர்த்தி, முகத்தருகே வைத்து முகர்ந்து பார்க்க வேண்டும். சிறிதளவேனும் நெடி இருந்தால் அத்துணி குழந்தையின் அறைக்குள் வரலாகாது. பெட்டியையும் அவ்வறையில் வைக்க வேண்டாம். கம்பளியைக் காக்க, நன்றாகத் துவைத்து உலர்த்தி இறுகக் கட்டிய பையில் இட்டு, உலர்ந்த வேப்பிலை சேர்த்து வைக்கலாம். அதையும் மீறிக் குழந்தையின் உள்ளங்கையிலோ உள்ளங்காலிலோ மஞ்சள் தெரிந்தாலும், பிறந்த ஒரே நாளுக்குள் மஞ்சள் தோன்றினாலும், சிறுநீர் கறுத்தாலும், குழந்தை பால் குடியாமல் சோர்ந்து கிடந்தாலும் அன்றே மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். வீட்டில் அந்துருண்டை உண்டு என்பதை மறவாமல் அவரிடம் சொல்லுங்கள். இளவெயிலில் காட்டினால் சரியாகிவிடும் என்று காத்திருக்கலாகாது.

தைப்பையும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. ஊசியும் சிறு பொத்தானும் குழந்தையின் சட்டைக்கு ஆகா. கழுத்தைச் சுற்றி நாடா வேண்டாம். முன்புறம் திறந்து பக்கவாட்டில் தளர முடியும் சட்டை நல்லது. கையுறையையும் காலுறையையும் உட்புறம் திருப்பிப் பாருங்கள். அங்கே தொங்கும் ஒரு நூலிழை பிஞ்சு விரலைச் சுற்றி இறுகி இரத்த ஓட்டத்தைத் தடுத்துவிடக்கூடும். வீட்டில் தைப்பவர்கள், முதல் வாரங்களுக்குரிய சட்டையில் தையல் மடிப்பு வெளிப்புறம் இருக்குமாறு தைத்தால் தோல் உராயாது.

ஆகவே, அந்தத் தாயும் மகனும் கொண்டிருந்த வழக்குக்கு இப்போது விடை சொல்லலாம். மகன் நாடியது நல்ல விளைச்சலை. அதனால் உழவனும் மண்ணும் ஆறும் வாழும். சான்று உண்மையானால் பட்டறை நஞ்சும் குறையும். தாய் நாடியது நல்ல துவையலை. அதனால் குழந்தையின் தோல் வாழும். துணி வயலில் எவ்வாறு விளைந்தது, பட்டறையில் எவ்வாறு பதம் பெற்றது, வீட்டில் எவ்வாறு துவைக்கப்பட்டது, பெட்டியில் எவ்வாறு வைக்கப்பட்டது என்னும் நான்கையும் கேட்க வேண்டும். முதல் இரண்டுக்கும் முத்திரையும் கடைக்காரரும் பதில் சொல்லலாம். பின்னிரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம்தாம். எத்தனை விலை கொடுத்து வாங்கிய தூய பருத்தியும் ஓர் அந்துருண்டைக்கு அருகில் ஒரு பருவம் கிடந்தால் அதன் தூய்மை போயிற்று.

பேறு நெருங்கும் வீட்டில் இன்றே அந்தப் பெட்டியைத் திறந்து பாருங்கள். புதுச் சட்டைகளையும் பழைய வேட்டித் துண்டுகளையும் சேர்த்து நனைத்து, அலசி, தில்லியின் நல்ல குளிர்கால வெயிலில் உலர்த்துங்கள். மாமியாரும் மருமகளும் அவற்றைச் சேர்ந்தே மடித்து வைக்கட்டும். பிறகு பிறக்கும் குழந்தை எந்தத் துணியை முதலில் உடுத்தினாலும் நலமே.